ஆயத்தநிலையின் உரைகல்

நுழையும்முன்

தீ, வெள்ளம், வெடிப்பு என எது நேரினும் மக்களைக் காக்க முதலில் ஓடிவருவோர் தீயணைப்பு வீரர், காவலர், மருத்துவ உதவியாளர் ஆகிய மூவரே. அவர்கள் ஆயத்தமாக இருக்கிறார்கள் என்பதை உறுதிசெய்பவர் யார்? எவ்வாறு உறுதிசெய்வது? இவ்வினாக்களுக்கு விடையாக வளர்ந்ததே ஆயத்தநிலைத் தணிக்கை. இங்கிலாந்தில் நிகழ்ந்த ஒரு துயரத்தின் வழியாக அதன் தேவையையும், தணிக்கையாளர் பெறவேண்டிய பயிற்சியையும் இப்பாடம் விளக்குகிறது.

மான்செஸ்டரின் ஓர் இரவு

இங்கிலாந்தின் வடமேற்குப் பகுதியில் அமைந்த பெருநகரம் மான்செஸ்டர். அந்நகரின் அரீனா அரங்கில் 2017ஆம் ஆண்டு மே 22ஆம் நாள் இரவு இசை நிகழ்ச்சி ஒன்று நடைபெற்றது. 14,000க்கும் மேற்பட்டோர் திரண்டிருந்தனர். அவர்களுள் சிறுவர் சிறுமியர் பலர். நிகழ்ச்சி முடிந்து மக்கள் வெளியேறத் தொடங்கிய வேளையில், இரவு 10.31 மணிக்கு, அரங்கின் வாயிலை அடுத்த கூடத்தில் ஒருவன் முதுகுப்பையில் சுமந்துவந்த குண்டை வெடிக்கச் செய்தான். 22 பேர் உயிரிழந்தனர், நூற்றுக்கணக்கானோர் காயமுற்றனர்.

அடுத்த சில நிமிடங்களில் காவலர்கள் கூடத்திற்குள் நுழைந்தனர். அரங்கின் பணியாளர்களும் பொதுமக்களும் காயமுற்றோருக்குத் தம்மால் இயன்ற உதவியைச் செய்தனர். ஆனால், காயமுற்றோர் அனைவரும் அகற்றப்படும் வரையில் அக்கூடத்திற்குள் சென்ற அவசர ஊர்தி மருத்துவ உதவியாளர் மூவர் மட்டுமே. தூக்குப்படுக்கைகள் உள்ளே வந்துசேரவில்லை. விளம்பரப் பலகைகளிலும் தடுப்பு வேலிகளிலும் மேசைகளிலும் கிடத்தியே காயமுற்றோர் சுமந்து செல்லப்பட்டனர்.

தீயணைப்பு வீரர்களின் நிலை இன்னும் வியப்பிற்குரியது. அரங்கிற்கு அருகிலிருந்த தீயணைப்பு நிலையத்தில் வெடியோசை கேட்டது. எனினும், அங்கிருந்த வீரர்கள் அரங்கை நோக்கி அனுப்பப்படவில்லை. ஏறத்தாழ மூன்று மைல் தொலைவிலிருந்த வேறொரு நிலையத்தில் கூடுமாறு பணிக்கப்பட்டனர். ஆணை வருமென்று காத்திருந்த அவர்கள் நிகழ்விடத்தை அடைந்தபோது வெடிப்பு நிகழ்ந்து இரண்டு மணி நேரம் கடந்திருந்தது. கூடத்திலிருந்து உயிருடன் அகற்றப்பட்டவர்களுள் கடைசி நபர் வெளியே கொண்டுவரப்பட்டும் ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

வீரர்களிடம் துணிவு இல்லாமலில்லை. ஊர்திகளும் கருவிகளும் இருந்தன. எழுதப்பட்ட திட்டங்களும் அலமாரிகளில் இருந்தன. இவை யாவும் இருந்தும் உதவி ஏன் உரிய நேரத்தில் சென்று சேரவில்லை? ஓய்வுபெற்ற நீதிபதி சர் ஜான் சாண்டர்ஸ் தலைமையில் நடைபெற்ற பொது விசாரணை இவ்வினாவை ஆராய்ந்தது. அவசரப் பணித்துறைகளின் செயற்பாடு குறித்த அதன் இரண்டாம் தொகுதி 2022ஆம் ஆண்டு நவம்பர் 3ஆம் நாள் வெளியாயிற்று. உயிரிழந்தோருள் ஒருவர், உரிய சிகிச்சை உரிய நேரத்தில் கிடைத்திருந்தால் பெரும்பாலும் பிழைத்திருப்பார் என்பது அதன் முடிவுகளுள் ஒன்று. 149 பரிந்துரைகளையும் அத்தொகுதி முன்வைத்தது.

மூன்று துறைகள், ஒரே களம்

ஒரு துறை தன் வழக்கமான ஆட்பலத்தையும் கருவிகளையும் கொண்டு தனித்துச் சமாளிக்க இயலாத நிகழ்வைப் ‘பெருநிகழ்வு’ என்பர். ஒரு வீடு தீப்பற்றினால் தீயணைப்புத் துறையே போதும். ஆனால், நூறு பேர் காயமுற்றுக் கிடக்கும் களத்தில் காவல்துறை இடத்தைப் பாதுகாப்பாக்க வேண்டும். மருத்துவ உதவியாளர் குருதியை நிறுத்த வேண்டும். தீயணைப்பு வீரர் இடிபாடுகளிலிருந்து மீட்டுச் சுமந்துவர வேண்டும். ஒரு துறையின் தாமதம் மற்ற இரண்டையும் முடக்கிவிடும்.

பிரித்தானியாவில் 2004ஆம் ஆண்டு இயற்றப்பட்ட குடிமக்கள் இடர்காப்புச் சட்டம், இத்துறைகள் இடர்களை மதிப்பிடவும் திட்டம் தீட்டவும் பயிற்சி அளிக்கவும் ஒத்திகை நடத்தவும் கடமைப்பட்டவை என வரையறுத்தது. 2005ஆம் ஆண்டு இலண்டன் குண்டுவெடிப்புகள் உள்ளிட்ட நிகழ்வுகளில் துறைகளிடையே ஒருங்கிணைப்புக் குறைந்திருந்தது வெளிப்பட்டது. அதனைச் சீர்செய்யும் பொருட்டு 2012ஆம் ஆண்டு முத்துறைகளின் கூட்டுச் செயற்பாட்டுத் திட்டம் தொடங்கப்பட்டது. ஓரிடத்தில் கூடுதல், தெளிவாகத் தொடர்புகொள்ளல், ஒருங்கிணைந்து செயற்படல், இடரைச் சேர்ந்து மதிப்பிடல், நிலைமையைப் பகிர்ந்து அறிதல் என்னும் ஐந்து நெறிகள் அத்திட்டத்தின் அடித்தளம்.

மான்செஸ்டரில் அவ்விரவு பிழைத்துப்போனவை இந்நெறிகளே. மூன்று துறைகளின் தலைமை அதிகாரிகள் தொடக்கத்தில் ஓரிடத்தில் கூடவில்லை. ஆயுதம் ஏந்தியோர் தாக்குதல் தொடரக்கூடும் என்னும் ஐயத்தால், அதற்குரிய சிறப்பு நடவடிக்கையைக் காவல்துறையின் கட்டுப்பாட்டு அறை அதிகாரி அறிவித்தார். ஆனால் அவ்வறிவிப்பு மற்ற இரு துறைகளையும் சென்றடையவில்லை. அந்த அதிகாரியைத் தொலைபேசியில் தொடர்புகொள்ள முயன்ற தீயணைப்புத் துறையினருக்கு இணைப்புக் கிட்டவில்லை. ஒரே மேசையில் ஒரே மனிதர்மேல் அளவிறந்த பணிகள் குவிந்திருந்தன.

தெரிந்து தெளிவோம்

பெருநிகழ்வு நேர்ந்த இடத்தை முதலில் அடைபவர் கட்டுப்பாட்டு அறைக்கு அளிக்கும் செய்தி ஏழு கூறுகளைக் கொண்டது. பெருநிகழ்வு என அறிவிக்கப்பட்டதா, சரியான இடம் எது, நிகழ்வின் வகை என்ன, இருக்கும் அபாயங்கள் யாவை, அணுகும் வழி எது, பாதிக்கப்பட்டோர் எத்தனை பேர், வந்துள்ள துறைகளும் தேவைப்படும் துறைகளும் யாவை என்பன அவை. இவ்வேழு கூறுகளுக்குரிய ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து, நினைவில் நிற்கும்படி ‘மீத்தேன்’ என்று வழங்குவர்.

ஓராண்டுக்கு முன்பே தெரிந்த குறை

இத்துயரத்தில் ஆழ்ந்து எண்ணத்தக்க செய்தி ஒன்று உண்டு. வெடிப்பு நிகழ்வதற்கு ஓராண்டுக்கு முன், 2016ஆம் ஆண்டு மே மாதத்தில், மான்செஸ்டரை அடுத்த பெரிய வணிக வளாகம் ஒன்றில் மாபெரும் ஒத்திகை நடத்தப்பட்டது. ‘வின்செஸ்டர் அக்கார்டு’ என்பது அதன் பெயர். தற்கொலைத் தாக்குதல் நடந்ததாகக் கற்பித்துக்கொண்டு, நூற்றுக்கணக்கான தன்னார்வலர் பொதுமக்களாக நடிக்க, முத்துறைகளும் அதில் பங்கேற்றன.

அந்த ஒத்திகையிலும் காவல்துறைக் கட்டுப்பாட்டு அறை அதிகாரி பணிச்சுமையில் அமிழ்ந்தார். அங்கும் மற்ற இரு துறைகளுக்கு உரிய செய்தி உரிய நேரத்தில் செல்லவில்லை. அங்கும் தீயணைப்பு வீரரும் மருத்துவ உதவியாளரும் ஆணைக்காகக் காத்திருந்தனர். ஓராண்டுக்குப் பின் உண்மையில் நிகழவிருந்த தவறு, ஒத்திகையில் முன்னதாகவே தன்னைக் காட்டிக்கொண்டது. ஆனால், அதனைத் திருத்தும் பணி நிறைவுபெறவில்லை. ஒத்திகை தன் கடமையைச் செய்தது. அதன் பின்னர் செய்யப்படவேண்டிய கடமையே தவறியது.

இவ்வாறு நேர்வது மான்செஸ்டருக்கு மட்டும் உரியதன்று. 1986ஆம் ஆண்டு முதல் பிரித்தானியாவில் நிகழ்ந்த பேரிடர்கள் குறித்த 32 விசாரணை அறிக்கைகளை ஒப்பிட்ட ஆய்வொன்று 2013ஆம் ஆண்டு வெளிவந்தது. ஒரே வகையான குறைகள் அறிக்கைக்கு அறிக்கை திரும்பத் திரும்ப வருவதை அது எடுத்துக்காட்டியது. தகவல் தொடர்பு, பொறுப்புகளில் தெளிவின்மை, போதாத பயிற்சி என அவை அமைந்திருந்தன.

இதனால், ‘கண்டறிந்த பாடம்’ என்றும் ‘கற்ற பாடம்’ என்றும் இருவகை உண்டு என்பது தெளிவாகிறது. குறையை அறிந்து ஏட்டில் எழுதுவது கண்டறிதல். அதன் விளைவாக மனிதரின் செயல் மாறுவதே கற்றல். இவ்விரண்டிற்கும் இடையிலுள்ள தொலைவை அளப்பதற்கு ஒருவர் வேண்டும். அவரே ஆயத்தநிலைத் தணிக்கையாளர்.

தன்மதிப்பீடும் தணிக்கையும்

தணிக்கை என்றவுடன் வரவுசெலவுக் கணக்கே பலர் நினைவிற்கு வரும். கணக்குத் தணிக்கையாளர் பற்றுச்சீட்டைக் கேட்பதுபோல, ஆயத்தநிலைத் தணிக்கையாளர் ஆயத்தத்திற்கான சான்றைக் கேட்கிறார். ‘எங்களிடம் திட்டம் இருக்கிறது’ என்பது கூற்று. அத்திட்டப்படி மனிதர் செயற்படுகின்றனர் என்பதைக் காட்டுவதே சான்று.

இங்கிலாந்தின் தேசிய நலவாழ்வுப் பணியைச் சேர்ந்த மருத்துவமனை அமைப்புகளும் அவசர ஊர்தி அமைப்புகளும் ஆண்டுதோறும் தம் ஆயத்தநிலையை அடிப்படைத் தரங்களோடு ஒப்பிட்டு மதிப்பிடுகின்றன. தமக்குரிய தரங்கள் அனைத்தையும் நிறைவுசெய்த அமைப்பு ‘முழு நிறைவு’ என்னும் நிலையைப் பெறும். 89 முதல் 99 விழுக்காடு வரை நிறைவுசெய்தால் ‘பெருமளவு நிறைவு’; 77 முதல் 88 வரை ‘பகுதி நிறைவு’; 76 விழுக்காடும் அதற்குக் குறைவும் ‘நிறைவின்மை’.

தன்னைத் தானே மதிப்பிடுவதில் நன்மையும் உண்டு, இடரும் உண்டு. தன் வீட்டின் விரிசலை நாள்தோறும் பார்ப்பவருக்கு அது கண்ணில் படாமற்போவது இயல்பு. மேலும், விழுக்காட்டுக் கணக்கில் எல்லாத் தரங்களும் ஒரே எடை பெறுகின்றன. திட்ட ஏட்டின் பக்கங்கள் ஒழுங்காக இருப்பதும், நள்ளிரவில் தொலைபேசி இணைப்புக் கிடைப்பதும் தாளில் ஒவ்வொரு புள்ளியே. களத்திலோ ஒன்று தவறினால் தாளுக்கு இழப்பு. மற்றொன்று தவறினால் உயிருக்கு இழப்பு. ஆகவே, தன்மதிப்பீட்டைச் சான்றுகொண்டு உரசிப் பார்க்கும் பயின்ற கண் தேவைப்படுகிறது.

தணிக்கையாளர் பெறும் பயிற்சி

தீயணைப்புத் துறையில் பல்லாண்டு பணியாற்றியவர், அந்த அனுபவத்தாலேயே தணிக்கையாளர் ஆகிவிடுவதில்லை. தீயை அணைக்கும் திறன் வேறு. அணைக்கும் முறை சரியாக உள்ளதா என ஆராயும் திறன் வேறு. ஆதலால், இதற்கெனத் தனிப் பயிற்சி தேவைப்படுகிறது.

முதற்படி, அளவுகோலைத் தெளிதல். எந்தச் சட்டம், எந்தத் தரம், எந்தத் திட்டம் ஆகியவற்றோடு ஒப்பிட்டுத் தணிக்கை செய்யப்படுகிறது என்பது முன்னரே முடிவாக வேண்டும். அளவுகோல் இல்லாத தணிக்கை தனிமனித விருப்பு வெறுப்பாக முடியும்.

இரண்டாம் படி, சான்று திரட்டுதல். ஆவணங்களைப் படித்தல், பணியாளரிடம் வினவுதல், பணி நடைபெறும் முறையை நேரில் நோக்குதல் என இதற்கு மூன்று வழிகள் உண்டு. இவற்றுள் ஒன்றை மட்டும் நம்புதல் கூடாது. எடுத்துக்காட்டாக, பெருநிகழ்வின்போது அழைக்கப்படவேண்டிய அதிகாரிகளின் பட்டியல் ஓர் அலுவலகத்தில் அழகாகத் தட்டச்சிட்டு ஒட்டப்பட்டிருக்கலாம். பயிற்சி பெற்ற தணிக்கையாளர் அதனைக் குறித்துக்கொள்வதோடு நின்றுவிடமாட்டார். அதிலுள்ள எண்களுள் சிலவற்றை வார இறுதி இரவொன்றில் அழைக்கச் செய்வார். பணிமாறிச் சென்றவர் பெயரும், வழக்கொழிந்த எண்ணும் அப்போது வெளிப்படும். அவ்வாறே, தூக்குப்படுக்கைகள் எத்தனை என்னும் கணக்கேட்டைப் பார்த்தபின், அவை இருக்கும் அறைக்குச் செல்வார். அறையின் திறவுகோல் இரவுப் பணியாளரிடம் இருக்கிறதா என்றும் கேட்பார்.

மூன்றாம் படி, வினவும் கலை. ‘உங்களுக்குத் திட்டம் தெரியுமா?’ என்று கேட்டால் ‘தெரியும்’ என்னும் விடையே வரும். ‘இப்போது மணி இரண்டு. பேருந்து நிலையத்தில் வெடிப்பு என அழைப்பு வருகிறது. முதலில் என்ன செய்வீர்கள்? அடுத்து யாரை அழைப்பீர்கள்? அவர் எடுக்கவில்லையென்றால்?’ என்று கேட்பதே பயனுள்ள வினவல். பயிற்சி வகுப்புகளில் ஒருவர் தணிக்கையாளராகவும் மற்றொருவர் பணியாளராகவும் நடித்து இதனைப் பழகுவர். அதிகாரியிடம் கேட்ட வினாவையே கடைநிலைப் பணியாளரிடமும் கேட்கவேண்டும் என்பது பயிற்சியின் இன்றியமையாத கூறு. இருவர் விடையும் வேறுபடும் இடத்தில்தான் குறை பெரும்பாலும் மறைந்திருக்கும்.

நான்காம் படி, பணிச்சுமையை எண்ணிப் பார்த்தல். ஒவ்வொரு திட்டத்தையும் தனித்தனியே படித்தால் குறையொன்றும் தோன்றாது. எல்லாத் திட்டங்களையும் அருகருகே வைத்து, முதல் பத்து நிமிடங்களில் கட்டுப்பாட்டு அறையின் ஒரே அதிகாரி செய்யவேண்டியவை எத்தனை என்று பட்டியலிட்டால் உண்மை புலப்படும். மான்செஸ்டரில் கட்டுப்பாட்டு அறை அதிகாரியின்மேல் பாரம் மிகும் என்பது வெடிப்பிற்கு முன்பே அறியப்பட்டிருந்தது. ஒரு தாளில் செய்யத்தக்க இவ்வெளிய கணக்கு, அவ்வாறு அறியப்பட்ட குறையை எவரும் மறுக்க இயலாத சான்றாக மாற்றும்.

ஐந்தாம் படி, முடிவுரைத்தல். தணிக்கைக் குறிப்பு ஐந்து வினாக்களுக்கு விடை தரவேண்டும். இருக்கவேண்டியது என்ன? இருப்பது என்ன? வேறுபாட்டிற்குக் காரணம் என்ன? அதனால் விளையக்கூடிய தீங்கு என்ன? செய்யவேண்டியது என்ன? ‘தகவல் தொடர்பை மேம்படுத்த வேண்டும்’ என்பது பரிந்துரை போலத் தோன்றினும் எவரையும் எதற்கும் கட்டுப்படுத்தாது. யார், எதை, எந்த நாளுக்குள் செய்யவேண்டும் என்பது இடம்பெற்றாலே அது பரிந்துரையாகும்.

இறுதிப் படி, திரும்பிச் செல்லுதல். பரிந்துரைக்கு மறுமொழியாகப் பெரும்பாலும் ஒரு சுற்றறிக்கை அனுப்பப்படும். ‘நடவடிக்கை முடிந்தது’ எனக் கோப்பு மூடப்படும். சுற்றறிக்கை அனுப்பப்பட்டதற்கு அதன் படியே சான்று. நடைமுறை மாறியதற்கு அடுத்த ஒத்திகையே சான்று. சென்ற ஒத்திகையில் தவறிய அதே செயலை, முன்னறிவிப்பின்றி, அதே நெருக்கடியில் மீண்டும் செய்யச் சொல்லிப் பார்த்த பின்னரே தணிக்கையாளர் கோப்பை மூடலாம்.

குற்றம் காண்பதா, குறை காண்பதா?

தணிக்கையாளர் வருகிறார் என்றால் அலுவலகம் முழுவதும் அஞ்சுவது உலகியல்பு. அச்சம் உள்ள இடத்தில் உண்மை ஒளிந்துகொள்ளும். ஒத்திகையில் நேர்ந்த தவறுக்காகத் தண்டிக்கப்படுவோம் எனக் கருதும் பணியாளர், அடுத்த ஒத்திகையைத் தவறே நேராத நாடகமாக அமைத்துக்கொள்வார். தவறு வெளிப்படாத ஒத்திகையால் விளையும் பயன் மிகக் குறைவு.

எனவே, மனிதரைப் பழிப்பதும் முறைமையின் குறையைக் காண்பதும் வெவ்வேறு என்பது பயிற்சியில் வற்புறுத்தப்படுகிறது. ஒரே மேசையில் பத்துப் பணிகளைச் சுமந்தவர் ஒன்றை மறந்தால், அவர் மறதியைப் பழிப்பதோடு நிற்பது எளிது. பத்துப் பணிகளை ஒருவர்மேல் சுமத்திய ஏற்பாட்டைக் கேள்விக்கு உள்ளாக்குவதே அடுத்த முறை உயிரைக் காக்கும். அதேவேளை, அறிந்திருந்தும் திருத்தாத தலைமைக்கு இது புகலிடமாகிவிடக் கூடாது. குறையைக் கண்டதும் திருத்தும் பொறுப்பை யார் ஏற்றார், ஏன் நிறைவேற்றவில்லை என்பதைத் தணிக்கையாளர் அஞ்சாமல் எழுதவேண்டும். பணியாளரிடம் கனிவும் தலைமையிடம் கண்டிப்பும் ஒருங்கே வேண்டப்படுவதால்தான் இப்பணி அரிதாகிறது.

கடலோரத்திலிருந்து எழுந்த நெறிகள்

ஆயத்தநிலையைத் தணிக்கை செய்யும் எண்ணம் உலகளவில் வலுப்பெற்றதில் 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் தமிழகக் கடற்கரையையும் இலங்கை, இந்தோனேசியா முதலிய நாடுகளையும் தாக்கிய ஆழிப்பேரலைக்குப் பங்குண்டு. பேரிடர் உதவி முறையாகச் சென்று சேர்வதைக் கண்காணிக்க, உலக நாடுகளின் உயர் தணிக்கை நிறுவனங்களின் கூட்டமைப்பு 2005ஆம் ஆண்டு ஒரு பணிக்குழுவை அமைத்தது. பேரிடருக்குப் பின் செலவழித்த பணத்தை மட்டுமன்றி, பேரிடருக்கு முன் செய்யப்பட்ட ஆயத்தத்தையும் தணிக்கை செய்வதற்கான வழிகாட்டு நெறிகள் 2013ஆம் ஆண்டு ஏற்கப்பட்டன.

அதே ஆண்டில் இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் நாட்டின் பேரிடர் ஆயத்தநிலை குறித்த செயல்திறன் தணிக்கை அறிக்கையை வெளியிட்டார். பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005ஆம் ஆண்டே இயற்றப்பட்டிருந்தும், அச்சட்டம் வேண்டும் தேசியத் திட்டம் உருவாக்கப்படவில்லை என்பதை அவ்வறிக்கை சுட்டிக்காட்டியது. தேசியப் பேரிடர் மேலாண்மைத் திட்டம் 2016ஆம் ஆண்டு வெளியிடப்பட்டது.

உரைகல்லின் பயன்

பொன் போன்ற நிறம் மட்டும் கொண்டு பொன்னை முடிவுசெய்வோர் இலர். உரைகல்லில் இழைத்துப் பார்த்தே மாற்று அறிவர். ஆயத்தநிலைக்கும் அத்தகைய சோதனை வேண்டும். மான்செஸ்டர் விசாரணையும் இதனை உணர்ந்திருந்தது. பரிந்துரைகளை வழங்கியதோடு அமையாமல், அவற்றுள் முதன்மையானவை நிறைவேற்றப்பட்டனவா எனக் கேட்டறிய 2023ஆம் ஆண்டு அதன் தலைவர் உரிய துறைகளை மீண்டும் அழைத்து வினவினார். மூடப்பட்டிருக்கக்கூடிய கோப்பு திறந்தே வைக்கப்பட்டது.

பெருநிகழ்வு எப்போது, எங்கு, எவ்வடிவில் வரும் என்பதை எவராலும் முன்னறிய இயலாது. எந்தத் தணிக்கையும் அதனைத் தடுத்து நிறுத்திவிடாது. ஆனால், ஏற்கெனவே தெரிந்த ஒரு குறையால் ஓர் உயிர் பிரியும் நிலையைத் தடுக்க முடியும். ஒத்திகையில் கண்ட பிழையைக் களத்தில் மீண்டும் காணாதிருக்கச் செய்வதே ஆயத்தநிலைத் தணிக்கையின் பயன்.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் பள்ளியில் நடைபெற்ற தீத்தடுப்பு ஒத்திகையில் கண்ட குறைகளைப் பட்டியலிட்டு, அவை திருத்தப்பட்டனவா என்பதைச் சான்றுடன் எழுதுக.

2. ‘கண்டறிந்த பாடம் – கற்ற பாடம்’ ஆகியவற்றிற்கு இடையிலான வேறுபாட்டை உங்கள் ஊரில் நிகழ்ந்த ஒரு நிகழ்வைக்கொண்டு வகுப்பில் விளக்குக.

3. சாலை விபத்து ஒன்றை நேரில் கண்டதாகக் கொண்டு, ஏழு கூறுகளும் அமையுமாறு கட்டுப்பாட்டு அறைக்குத் தெரிவிக்கும் செய்தியை உருவாக்குக.